எரித்த கையும் எழுதிய கையும்

ஒரு நூலைச் செவ்விலக்கியம் என்று போற்றும்போது, காலம் வைத்த சோதனையில் அது தேறி நின்றது என்று நாம் கருதுகிறோம். இது பெரும்பாலும் உண்மையே. ஆனால் வரலாற்றைக் கற்போர் மற்றொரு கேள்வியையும் கேட்கக் கடமைப்பட்டவர்கள். அந்நூலோடு ஒரே காலத்தில் வாழ்ந்து, அதனோடு வாதாடக்கூடியவையாயிருந்த பிற நூல்கள் என்னவாயின? அவை தாமே மறைந்தனவா? அல்லது மறைக்கப்பட்டனவா? ஒரு நூல் தனித்து நிற்பது அதன் மேன்மையினால் மட்டும் அன்று. அருகில் நின்றவற்றை யாரேனும் வெட்டிச் சாய்த்ததனாலும் இருக்கலாம்.

இக்கேள்வியை மனத்திற்கொண்டு, 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் அமெரிக்க நாடுகளைக் கைப்பற்றி ஆண்ட காலத்து நூல்கள் சிலவற்றின் வரலாற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். அந்நாடுகளில் வாளோடு சிலுவையும் சென்றது. ஆகவே அங்கே மெய்யைப் பற்றிய அதிகாரம் எவ்வாறு கையாளப்பட்டது என்பது திருச்சபையின் வரலாற்றைச் சேர்ந்த செய்தியாகும். அது நம்மையும் தொடுகிறது என்பதை இறுதியில் காண்போம்.

1. மானி என்னும் ஊரில் எரிந்த நெருப்பு

1562ஆம் ஆண்டு ஜூலை மாதம் 12ஆம் நாள், யூக்கத்தான் தீபகற்பத்திலுள்ள மானி என்னும் ஊரில் பெரிய நெருப்பு ஒன்று மூட்டப்பட்டது. மூட்டுவித்தவர் தியேகோ தெ லாந்தா. அந்நாட்டிலிருந்த பிரான்சிஸ்கன் துறவியருக்குத் தலைவர் அவர். ஞானஸ்நானம் பெற்ற மாயா மக்களில் சிலர் பழைய உருவங்களை மறைவில் வழிபட்டு வந்தனர் என்பது தெரிய வந்ததும், அவர் விசாரணையைத் தொடங்கினார். மக்களைக் கைகளில் கட்டித் தூக்கித் தொங்கவிட்டுக் குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்தனர். பின்னர் நடந்த அரசாங்க விசாரணையின்படி, அந்த மூன்று மாத காலத்தில் 4,500க்கு மேற்பட்டோர் சித்திரவதைக்குள்ளாயினர். அவர்களில் 158 பேர் இறந்தனர்.

மானியின் நெருப்பில் உருவங்களோடு நூல்களும் இடப்பட்டன. அவை அத்தி இனத்து மரப்பட்டையை இடித்துச் செய்த தாளில் சுண்ணம் பூசி, வண்ணத்தால் எழுதி, மடிப்பு மடிப்பாக மடித்து வைக்கப்பட்ட ஏடுகள். அவற்றில் மூடநம்பிக்கையும் பேயின் பொய்யும் அன்றி வேறொன்றும் இல்லை என்று கருதியதால் அனைத்தையும் எரித்ததாகவும், அம்மக்கள் அதற்காக மிகவும் துயருற்றதாகவும் லாந்தா தாமே எழுதி வைத்திருக்கிறார்.

எரிந்தவற்றில் என்ன இருந்தது என்பதை எஞ்சியவற்றைக்கொண்டே ஊகிக்க வேண்டும். மாயா மக்களின் ஏடுகளில் இன்று நான்கு மட்டுமே உலகில் உள்ளன. அவை டிரெஸ்டன், மத்ரீத், பாரிஸ், மெக்ஸிகோ ஆகிய நகரங்களில் பாதுகாக்கப்படுகின்றன. டிரெஸ்டன் ஏட்டில் வெள்ளிக் கோளின் இயக்கத்தைக் கணித்த அட்டவணையும் கிரகணங்களுக்கான அட்டவணையும் இருக்கின்றன. பேயின் பொய் என்று தள்ளப்பட்டவற்றுள் இத்தகைய கணிதமும் இருந்திருக்கும் என்று எண்ணுவது மிகையன்று.

அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் பிரான்சிஸ்கோ தெ தோரால் என்பவர் யூக்கத்தானுக்கு ஆயராக வந்து சேர்ந்தார். அவரும் பிரான்சிஸ்கன் துறவியே. வதைத்துப் பெற்ற வாக்குமூலங்கள் மதிப்பற்றவை என்று கண்ட அவர், சிறைப்பட்டவர்களை விடுவித்தார். லாந்தா தம்மீது சாட்டப்பட்ட குற்றங்களுக்கு மறுமொழி கூற ஸ்பெயினுக்குச் செல்ல நேர்ந்தது. அங்கே தங்கியிருந்தபோது, 1566ஆம் ஆண்டளவில், யூக்கத்தான் நாட்டின் செய்திகளைப் பற்றி அவர் ஒரு நூல் எழுதினார். மாயா மக்களின் வீடும் உணவும், மணமும் விழாவும், காலக்கணக்கும் எழுத்தும் அதில் விரிவாகக் கூறப்பட்டுள்ளன. அவர் கூர்ந்து நோக்குபவர். பல இடங்களில் அம்மக்களைப் புகழவும் செய்கிறார். பின்னர் அவர் குற்றமற்றவர் எனத் தீர்க்கப்பட்டு, 1573இல் அதே நாட்டிற்கு ஆயராகத் திரும்பி, 1579இல் மரித்தார்.

மாயா மக்களைப் பற்றி அறிய விரும்பும் எவரும் இன்றும் லாந்தாவின் நூலைத் தவிர்க்க இயலாது. அத்துறையின் செவ்விலக்கியம் அதுவே. எரித்த கையே எழுதிய கையுமாயிற்று. முதற்செயல் நடவாதிருந்தால் இரண்டாவது செயலுக்கு இத்துணை மதிப்பு ஏற்பட்டிராது என்பதை நாம் கருத வேண்டும். பிறருடைய நூல்களை அழிக்கும் அதிகாரம், அவர்களைப் பற்றிச் சாட்சி சொல்லும் அதிகாரத்தையும் தன்னிடமே வைத்துக்கொள்கிறது.

எனினும் அந்த அதிகாரம் முழுமையானதன்று. லாந்தா, மாயா எழுத்துகளும் ஸ்பானிய எழுத்துகளைப் போன்றவையே என்று எண்ணி, ஸ்பானிய நெடுங்கணக்கை ஒவ்வொன்றாகச் சொல்லி, அதற்கேற்ற மாயா எழுத்தை எழுதும்படி கேட்டார். ஸ்பானிய மொழியில் இரண்டாம் எழுத்தின் பெயர் 'பே'. கேட்டவர் அவ்வொலிக்குரிய குறியையே எழுதினார்; அது 'வழி' எனப் பொருள்படும் சொல்லாதலால் காலடித் தடம் உள்ள ஒரு குறியாக அமைந்தது. மெய்யும் உயிரும் கூடிய ஓர் அசைக்கு ஓர் எழுத்து என்னும் முறை அது. உயிர்மெய் எழுத்துகளில் பழகிய தமிழருக்கு இது எளிதில் விளங்கும், லாந்தாவுக்கு விளங்கவில்லை. அவருடைய நூலின் சுருக்கப் படி ஒன்றைப் பிரஸ்ஸேர் தெ பூர்பூர் என்னும் பிரெஞ்சுக் குரு மத்ரீதில் கண்டெடுத்து 1864இல் வெளியிட்டார். 1952இல் யூரி குனோரோசொவ் என்னும் ருஷிய அறிஞர் லாந்தாவின் அந்தப் பட்டியலை அசையெழுத்துகளின் பட்டியலாகக் கொண்டு வாசித்து, மாயா எழுத்தின் பூட்டைத் திறந்தார்.

அந்தப் பட்டியலின் அருகே, மாயா எழுத்தில் ஒரு வாக்கியம் எவ்வாறு எழுதப்படும் என்பதற்கு லாந்தா ஓர் எடுத்துக்காட்டு தந்திருக்கிறார். 'மா இன் காத்தி' என்பது அவ்வாக்கியம். அதன் பொருள், 'எனக்கு விருப்பமில்லை' என்பதாகும். ஆண்டவனின் நூலிலேயே, ஆளப்பட்டவனின் எழுத்தில், ஒரு மறுப்புச் சொல் பதிந்து, வாசிப்பார் இன்றி மூன்று நூற்றாண்டு காத்துக் கிடந்தது.

2. அறிவிப்பும் அரிஸ்டாட்டிலும்

லாந்தா தனி மனிதரின் கொடுமைக்கு எடுத்துக்காட்டு என்று மட்டும் கொண்டால் நாம் தவறிவிடுவோம். அவருக்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னரே அவர் நடந்த வழி வகுக்கப்பட்டிருந்தது.

1513இல் பலாசியோஸ் ருபியோஸ் என்னும் சட்ட அறிஞர் அரச கட்டளைப்படி ஓர் அறிவிப்பை இயற்றினார. புதிய நாடுகளில் போர் தொடுப்பதற்கு முன் படைத்தலைவர்கள் அதை அங்குள்ள மக்களுக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. கடவுள் உலகைப் படைத்தார் என்பதில் தொடங்கி, பேதுருவுக்கு அளிக்கப்பட்ட அதிகாரத்தைச் சொல்லி, அவர் வழிவந்த போப்பு இந்நாடுகளை ஸ்பானிய அரசருக்குக் கொடுத்திருக்கிறார் என்று அது முடிவு கட்டுகிறது. பணியாவிடில் போரும் அடிமைத்தனமும் வரும். அவற்றால் விளையும் கேட்டுக்குப் பழி அம்மக்களையே சாரும் என்றும் எச்சரிக்கிறது. இது ஸ்பானிய மொழியில், பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளர் இன்றி வாசிக்கப்பட்டது. மக்கள் ஓடிப்போன வெற்று ஊர்களிலும் வாசிக்கப்பட்டது. வாசித்தாயிற்று என்று பத்திரம் எழுதுவோர் சான்று இட்டனர். இதைக் குறித்து நகைப்பதா அழுவதா என்று தமக்குத் தெரியவில்லை என எழுதினார் பர்த்தொலொமே தெ லாஸ் காஸாஸ்.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. அந்த அறிவிப்பில் வேதாகமச் செய்தியும் கலந்திருக்கிறது. ஆயினும் கேட்பவர் புரிந்துகொள்ளவேண்டும் என்னும் அக்கறையே இல்லாமல் சொல்லப்பட்டபோது, அது நற்செய்தியாயிராமல் ஆவணமாகிவிட்டது. மறுமொழி கூற இடங்கொடாத மெய், ஆயுதமாக மாறுகிறது.

லாஸ் காஸாஸ் முன்னர் தாமும் இந்தியரை வேலைக்கு வைத்துப் பயன் துய்த்தவர். பின் மனம் மாறித் துறவியாகி, சியாப்பா நாட்டின் ஆயராகவும் பணியாற்றினார். 1550, 1551 ஆண்டுகளில் வல்லதோலீத் நகரில், அம்மக்கள்மீது போர் தொடுப்பது முறையா என்பதைப் பற்றி அறிஞர் குழுவின்முன் பெரும் வாதம் நடந்தது. மறுபுறம் நின்றவர் ஹுவான் கினேஸ் தெ செபுல்வேதா. அவர் அமெரிக்க மண்ணை ஒருபோதும் மிதித்தவரல்லர். ஆனால் அரிஸ்டாட்டிலின் 'அரசியல்' நூலை இலத்தீனில் பெயர்த்து 1548இல் வெளியிட்ட பேரறிஞர். இயற்கையிலேயே அடிமைகளாகப் பிறந்தவர் உளர் என்று அந்நூலில் வரும் கருத்தை எடுத்து, அது இந்தியருக்குப் பொருந்தும் என்று அவர் வாதாடினார். கிரேக்க நாட்டுச் செவ்விலக்கியம் ஒன்று, 1,800 ஆண்டுகளுக்குப் பின், அதை எழுதியவர் கனவிலும் அறிந்திராத மக்களின் தலைமேல் சுமத்தப்பட்டது.

லாஸ் காஸாஸ் இருவகையில் மறுத்தார். அரிஸ்டாட்டில் வகுத்த அளவைகளைக்கொண்டு பார்த்தாலும் இம்மக்கள் நகரமும் சட்டமும் கலைகளும் உடையோர் என்பது ஒன்று. தத்துவ ஞானியின் சொல் கிறிஸ்துவின் அன்புக் கட்டளைக்கு மாறாக நிற்குமாயின், அந்த ஞானிக்கு விடைகொடுத்து அனுப்ப வேண்டியதே என்பது மற்றொன்று. குழு வெளிப்படையான தீர்ப்பு எதையும் வழங்கவில்லை.

லாஸ் காஸாஸையும் நாம் குற்றமற்றவராக்கிவிடலாகாது. இந்தியரின் சுமையைக் குறைக்க ஆப்பிரிக்க அடிமைகளைக் கொணரலாம் என்று தொடக்கத்தில் ஆலோசனை கூறியவர்களுள் அவரும் ஒருவர். அதற்காகப் பின்னர் வருந்தி, தம் 'இந்திய நாடுகளின் வரலாறு' நூலில் அதைப் பதிவு செய்தார். அந்நூலை நாற்பது ஆண்டுகள் கழியும்வரை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அது அச்சேறியதோ 1875இல். அவர் மரித்ததோ 1566இல். 1511இல் எஸ்பன்யோலா தீவில், குடியேறிய ஸ்பானியரை நோக்கி, இந்தியரும் மனிதரல்லவா என்று முழங்கிய மொன்தெசினோஸ் என்னும் துறவியின் அருளுரை நமக்குத் தெரிவதும் அந்நூலினாலேயே.

3. தொகுத்தவரிடமிருந்து பறிக்கப்பட்ட நூல்

1529இல் மெக்ஸிகோவுக்கு வந்த பெர்னார்தினோ தெ சஹாகூன் என்னும் பிரான்சிஸ்கன் துறவி வேறொரு வழியைப் பின்பற்றினார். நோயை அறியாத மருத்துவன் மருந்து கொடுக்க முடியாது. ஆகவே இம்மக்களின் பழைய சமயத்தை முற்றிலும் அறியவேண்டும் என்பது அவர் கொண்ட கருத்து. நோக்கம் மதமாற்றமே. ஆனால் முறை வேறாயிருந்தது. அவர் நாவா மக்களின் முதியோரை அமர்த்திக் கேட்டார். தலத்தெலோல்கோ கல்லூரியில் தம்மிடம் பயின்று, நவாத்தில், ஸ்பானிய, இலத்தீன் மொழிகளில் தேர்ந்த நாவா இளைஞரைக்கொண்டு எழுதுவித்தார். அந்தோனியோ வலேரியானோ முதலான அவர்களுடைய பெயர்களைத் தம் நூலில் குறிப்பிட்டும் வைத்தார். பன்னிரண்டு புத்தகங்கள், ஒரு பத்தியில் நவாத்தில், மறுபத்தியில் ஸ்பானிய மொழி என்று அந்நூல் உருவாயிற்று. பன்னிரண்டாம் புத்தகம், மெக்ஸிகோ நகரம் வீழ்ந்த கதையைத் தோற்றவரின் வாய்மொழியாகக் கூறுகிறது.

1577இல் இரண்டாம் பிலிப்பு மன்னர், சஹாகூனின் எழுத்துகளை ஒரு படியும் விடாமல் திரட்டி ஸ்பெயினுக்கு அனுப்பும்படியும், இந்தியரின் பழைய நம்பிக்கைகளையும் வாழ்க்கை முறையையும் பற்றி எம்மொழியிலும் எவரையும் எழுதவிடலாகாது என்றும் ஆணையிட்டார். எரிப்பதற்குத் துணியாத அதிகாரம் பூட்டி வைக்கத் துணிந்தது. சஹாகூன் 1590இல் மரிக்கும்வரை தம் நூல் அச்சில் வரக் காணவில்லை. அதன் சிறந்த படி இத்தாலியில் பிளாரன்ஸ் நகரத்து லாரென்சியன் நூலகத்தை அடைந்தது. ஸ்பானியப் பகுதி முதன்முறை அச்சானது 1829இல். நவாத்தில் பகுதி முழுவதும் ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளிவந்தது 1950 முதல் 1982 வரையான ஆண்டுகளில்.

பெரு நாட்டிலும் இதுவே நடந்தது. ஸ்பானியத் தந்தைக்கும் இன்கா அரச குலத் தாய்க்கும் 1539இல் பிறந்த கார்சிலாசோ தெ லா வேகா, தாய்வழிச் சுற்றத்தாரிடம் கேட்டவற்றை எழுதி 1609இல் லிஸ்பன் நகரில் வெளியிட்டார். ஸ்பானிய மொழியின் செவ்விலக்கியங்களுள் ஒன்றாக அது எண்ணப்படுகிறது. ஆனால் 1780இல் தூப்பாக் அமாரு என்பவரின் தலைமையில் பெரு நாட்டு மக்கள் கிளர்ந்தெழுந்து அடக்கப்பட்டபின், 1782இல் அந்நூலைப் பறிமுதல் செய்ய அரசு கட்டளையிட்டது. தம் முன்னோரின் வரலாற்றை வாசித்த மக்கள் மீண்டும் எழக்கூடும் என்று ஆள்வோர் அஞ்சினர்.

குவாமான் போமா என்னும் பெரு நாட்டு இந்தியர் இவர்களினும் துணிந்தவர். அவர் கிறிஸ்தவர், பழைய சமயத்தை ஒழிக்கச் சென்ற சபை அதிகாரிக்கு உதவியாளராகவும் இருந்தவர். அப்பணியில் கண்டவற்றைக்கொண்டு, ஸ்பானியரும் குருமாரும் இழைக்கும் அநீதிகளை ஏறத்தாழ 1,200 பக்கங்களில், தம் கையாலேயே வரைந்த 398 சித்திரங்களோடு, 1615ஆம் ஆண்டளவில் மூன்றாம் பிலிப்பு மன்னருக்கு எழுதினார். நற்செய்தியைக் கொணர்ந்தவர்களை அந்நற்செய்தியைக்கொண்டே அவர் நியாயம் விசாரித்தார். அந்தக் கையெழுத்துப் படி கேட்பாரற்று மறைந்து, 1908இல் ரிச்சர்டு பீச்மன் என்னும் ஜெர்மானிய அறிஞரால் கோபனேகன் நகரத்து அரச நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டது.

4. நம்முடைய பங்கு

கோபனேகன் என்னும் பெயர் நமக்குப் புதியதன்று. 1705இல் டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக்கின் ஆதரவில் சீகன்பால்கும் புளூட்சோவும் தரங்கம்பாடிக்குப் புறப்பட்டது அந்நகரிலிருந்தே. ஆகவே, இதுகாறும் கண்டவை ஸ்பானியரின் குற்றம், ரோமச் சபையின் குற்றம் என்று கூறி நாம் விலகி நிற்கமுடியுமா என்று கேட்க வேண்டும்.

1599இல் நம் அண்டை நாடான கேரளத்தில், உதயம்பேரூர் என்னும் இடத்தில், கோவாவின் பேராயர் மெனேசெஸ் கூட்டிய சங்கம், தோமா கிறிஸ்தவரின் சுரியானி நூல்கள் பலவற்றைக் கண்டனம் செய்து நெருப்புக்கு ஒப்புவித்ததை நாம் வகுப்பில் தவறாமல் சொல்லிக் கொடுக்கிறோம். சொல்ல வேண்டியதே. ஆனால் புரோட்டஸ்டண்டார் செய்தவற்றையும் அதே குரலில் சொல்ல வேண்டும். லாஸ் காஸாஸ் ஸ்பானியரின் கொடுமைகளைப் பற்றி 1552இல் வெளியிட்ட சிறு நூலை ஐரோப்பாவின் புரோட்டஸ்டண்டு நாடுகள் ஆவலோடு மொழிபெயர்த்தன. 1598இல் பிராங்க்பர்ட் நகரில் தியோடர் தெ பிரை என்பவரின் அச்சகம் அதைக் கொடூரமான படங்களோடு வெளியிட்டது. 1656இல், கவி மில்டனின் சகோதரி மகனான ஜான் பிலிப்ஸ் அதை ஆங்கிலத்தில் பெயர்த்துக் கிராம்வெல்லுக்குப் படைத்தார். அதற்கு முந்தின ஆண்டுதான் கிராம்வெல்லின் கப்பற்படை ஜமெய்க்கா தீவை ஸ்பானியரிடமிருந்து கைப்பற்றியிருந்தது. இந்தியரின் கண்ணீரைக் காட்டிக் கைப்பற்றப்பட்ட தீவு, ஆங்கிலேயரின் ஆட்சியில் ஆப்பிரிக்க அடிமைகளின் கண்ணீரில் கரும்பு விளையும் தீவாயிற்று. மெய்யான சாட்சியும், பிறர்மீது மட்டும் ஏவப்படும்போது, பொய்க்குப் பணிவிடை செய்கிறது.

இதனினும் வருந்தத்தக்கது ஒன்று உண்டு. 1807இல் லண்டனில், மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்று வேதாகமப் பகுதிகள் தொகுத்து அச்சிடப்பட்டன. அத்தொகுப்பில், இஸ்ரவேல் மக்கள் எகிப்தின் அடிமைத்தனத்தினின்று விடுவிக்கப்பட்ட வரலாறு இல்லை. லாந்தா பிறர் நூலை எரித்தார். வேதமே ஆதாரம் என்று அறிக்கையிட்ட நம் மரபினரோ வேதத்தையே வெட்டினர்.

இனித் தரங்கம்பாடிக்கு வருவோம். சீகன்பால்கு தமிழ் ஏட்டுச்சுவடிகளைத் தேடிச் சேர்த்து, 1708இல் அவற்றுக்கு விளக்கப் பட்டியல் எழுதினார். அவ்வாண்டிலேயே உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா ஆகியவற்றை ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். தென்னிந்தியரின் சமயத்தைப் பற்றி 1711இல் ஒரு நூலும், தெய்வங்களின் வழிமுறையைப் பற்றி 1713இல் ஒரு நூலும் எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்பினார். இவற்றிலும் நோக்கம் மதமாற்றமே. சஹாகூனைப் போலவே அவரும் தாம் எதிர்த்ததை அறிந்தே எதிர்க்க விரும்பினார். பிற சமயத்தை வேரறுக்கவே மிஷனெரிகள் அனுப்பப்பட்டனர், அதன் வீண்கதைகளை ஐரோப்பாவில் பரப்புவதற்கன்று என்னும் பொருளில், ஹாலே நகரின் பிராங்கே அந்நூலை மறுத்தார் என்பது மிஷன் வரலாற்றில் வழங்கிவரும் செய்தி. 1713இல் எழுதிய நூலை வில்ஹெல்ம் கெர்மன் என்பவர் சென்னையில் அச்சிட்டது 1867இல். 1711இல் எழுதிய நூலை டச்சு அறிஞர் காலந்து வெளியிட்டது 1926இல். சீகன்பால்கு 1719லேயே மரித்துப்போனார்.

மன்னர் பிலிப்புக்கும் பேராசிரியர் பிராங்கேக்கும் பெருத்த வேறுபாடு உண்டு. முன்னவர் படையை ஏவியவர். பின்னவர் அனாதைகளைப் பேணியவர். ஆயினும் தொலைவில் அமர்ந்து, களத்திலிருந்தவர் கண்டு எழுதியதில் எது வெளிவரலாம், எது வரலாகாது என்று தீர்மானித்த செயலில் இருவரும் ஒன்றே செய்தனர். பக்தி அச்செயலைத் தடுக்கவில்லை என்பது நாம் அஞ்ச வேண்டிய உண்மை.

5. யோயாக்கீமின் கணப்பும் எபேசுவின் நெருப்பும்

நூலை எரித்தவர்கள் தங்களுக்குத் துணையாக அப்போஸ்தலர் நடபடிகள் 19ஆம் அதிகாரத்தைச் சுட்டுவது வழக்கம். எபேசுவில் மாயவித்தைக்காரர் தங்கள் புத்தகங்களைக் கொண்டுவந்து எல்லாருக்கும் முன்பாக எரித்தனர். அவற்றின் விலை ஐம்பதினாயிரம் வெள்ளிக்காசு. ஆனால் அங்கே எரித்தவர்கள் யார்? அப்புத்தகங்களுக்கு உரியவர்களே. பவுல் எவர் வீட்டிலும் புகுந்து தேடவில்லை. அவர் கையில் வாளும் இல்லை, அரச ஆணையும் இல்லை. ஒருவன் தன் பாவத்தை விட்டுத் தன் பொருளை எரிப்பது மனந்திரும்புதல். பிறனுடைய பொருளைப் பறித்து எரிப்பதோ கொள்ளை. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொள்வது பிழையான வியாக்கியானமாகும்.

மானியின் நெருப்புக்கு ஒப்பான நெருப்பு எரேமியா 36ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. யோயாக்கீம் ராஜா குளிர்கால மாளிகையில் கணப்பின் முன் உட்கார்ந்திருக்கிறான். தீர்க்கதரிசியின் சுருள் வாசிக்கப்பட வாசிக்கப்பட, மூன்று நான்கு பத்திகளாகச் சூரிக்கத்தியால் அறுத்து அக்கினியில் போடுகிறான். சுருளைச் சுட்டெரிக்க வேண்டாம் என்று எல்நாத்தான், தெலாயா, கெமரியா என்னும் மூவர் வேண்டிக்கொள்கின்றனர், அவன் கேட்கவில்லை. எரேமியா மறுபடியும் சொல்ல, பாருக்கு மறுபடியும் எழுதுகிறான். முன்னையிலும் அதிகமான வார்த்தைகள் அதில் சேர்கின்றன. வேண்டிக்கொண்ட மூவரின் பெயரையும் திருமறை மறவாமல் காத்திருக்கிறது.

கர்த்தருடைய வார்த்தையும் மாயா ஏடுகளும் ஒன்றா என்று சிலர் கேட்கலாம். ஒன்றென்று நான் கூறவில்லை. ஆனால், எது கர்த்தருடைய வார்த்தை என்று தனக்கு நன்கு தெரியும் என்ற உறுதியோடுதான் யோயாக்கீமும் கத்தியை எடுத்தான். சத்தியம் கடவுளுடையது என்று விசுவாசிக்கும் சபைக்கு, தனக்கு எதிரான சாட்சியைக் கண்டு அஞ்சவேண்டிய காரணம் இல்லை. அஞ்சி அழிக்கும் சபை, தான் காப்பது சத்தியம் அன்று, தன் அதிகாரமே என்பதைத் தானே காட்டிக்கொள்கிறது.

6. ஒரு மேய்ப்பனின் அறிக்கை

இதைப் பிறருக்குச் சொல்லுமுன் என் கணக்கை நான் ஒப்புவிக்க வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் நான் ஆயராயிருந்த ஒரு கிராமச் சபையில் நூற்றாண்டு விழா வந்தது. ஆலயத்தைப் புதுப்பிக்கும்போது, உடைமாற்றும் அறையின் பரணில் பழைய நோட்டுகளும் சில ஓலைகளும் கிடைத்தன. கறையான் அரித்திருந்தது. வெள்ளையடிப்பவர் என்ன செய்வது என்று கேட்டார். நான் இரண்டொன்றைப் புரட்டிப் பார்த்தேன். மிஷனெரிக்கு எதிராக ஏதோ மனத்தாங்கல் எழுதியிருந்ததைக் கண்டு, விழாக்காலத்தில் இது எதற்கு என்று எண்ணி, கொல்லையில் எரித்துவிடச் சொன்னேன். அடுத்த மாதம் விழா மலருக்குச் சபையின் வரலாற்றை எழுதியவனும் நானே. மிஷன் அறிக்கைகளைப் பார்த்து எழுதினேன்.

மலர் வெளியான பின் சபையின் மூதாட்டி ஒருவர் என்னிடம் வந்தார். "ஐயா, எங்க அப்பா இங்கே உபதேசியாரா இருந்தப்போ தினமும் எழுதி வைப்பாங்க. நாங்க ஊரைவிட்டு விரட்டப்பட்டு இங்கே வந்த கதையெல்லாம் அதிலே இருக்கும். நீங்க எழுதினதிலே அது வரலையே, அந்த நோட்டு கிடைக்கலையா?" என்று கேட்டார். கிடைக்கவில்லை என்றேன். அது பொய். அந்த அம்மையார் உயிரோடிருக்கும்வரை அதைத் திருத்திச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அந்தச் சபையின் வரலாறாக இன்று இருப்பது நான் எழுதியது ஒன்றே.

லாந்தாவைப் பற்றி மாணவருக்குக் கற்பிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கொல்லைப் புகை என் நினைவுக்கு வருகிறது. அவருக்கும் எனக்கும் அளவில்தான் வேற்றுமை.

நம் கல்லூரிகளிலிருந்து ஆண்டுதோறும் இளம் ஆயர்கள் சபைகளுக்குச் செல்கின்றனர். அவர்களுள் பலர் என்றேனும் ஒரு சபையின் வரலாற்றை எழுதப் போகிறவர்களே. அவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான். எழுதத் தொடங்குமுன் பரணைப் பாருங்கள். மிஷனெரியின் அறிக்கையில் ஒரு வரியாக வரும் உபதேசியாருக்கும் வேதாகமப் பெண்மணிக்கும் பெயர் உண்டா என்று தேடுங்கள். சஹாகூன் தம் மாணவரின் பெயரை எழுதியதுபோல அவர்கள் பெயரை எழுதுங்கள். முதியோரை அமர்த்திக் கேளுங்கள். உங்களுக்கும் உங்கள் சபைக்கும் கசப்பாயிருக்கும் சாட்சியை மற்றெல்லாவற்றிலும் கவனமாகக் காத்து வையுங்கள். அதை வாசிக்கத் தெரிந்த ஒருவர் பின்னர் வருவார்.

எரிந்துபோனதை மறுபடியும் எழுத நமக்கு ஒரு பாருக்கு கிடைப்பதில்லை. ஆகவே, வேண்டாம் என்று ராஜாவைத் தடுத்த அந்த மூவரைப்போல, நெருப்பு மூட்டப்படும் வேளையில் அருகில் நின்று தடுக்கிறவர்களாகவேனும் நாம் இருப்போமாக.